மாதம் ஒரு கையெழுத்துக்காகக் கூப்பிடும் விலங்குக்கூடம்: போகலாமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். மன்னார்குடிப் பக்கம் ஆடு, மாடு பார்க்கிற கால்நடை மருத்துவர் நீங்கள். பக்கத்தில் ஒரு பார்மசி கல்லூரியின் விலங்குக்கூடத்தில் ஆய்வுக்காக எண்பது வெள்ளை எலியும் பன்னிரண்டு முயலும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு நாள் போகிறவர் மீதி இருபத்தொன்பது நாளுக்கு எப்படிப் பொறுப்பேற்பது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ஒரத்தநாட்டைச் சுற்றிப் பத்தொன்பது ஆண்டுகளாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். அதில் பதின்மூன்று ஆண்டுகளாக இரண்டு கல்லூரிகளின் விலங்குக்கூடங்களையும் சேர்த்துப் பார்த்து வருகிறேன். போங்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் மறுத்தால், வெறும் கையெழுத்துக்குச் சம்மதிக்கிற இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். எலிகளுக்கு அதனால் நல்லது எதுவும் இல்லை. ஆனால் மாதம் ஒரு முறை என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரம் ஒரு முறை நேரில், இடையில் எந்த நேரமும் போனில் என்று பேசுங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சட்டம் தெளிவானது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் கீழ் அமைந்ததுதான் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும், நாம் சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று படித்த மத்தியக் குழு. இப்போது அதன் பெயர் சி.சி.எஸ்.இ.ஏ. 1998இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் இந்தக் குழுவில் பதிவு செய்ய வேண்டும், ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்புதல் தர, தனக்கென்று ஒரு நெறிமுறைக் குழு வைத்திருக்க வேண்டும், அதில் விலங்குகளைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர் ஓர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆக, உங்களை அழைப்பது கல்லூரி செய்யும் தயவு இல்லை. நீங்கள் இல்லாமல் அந்தக் குழுவே நிறைவு பெறாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பேச்சுக்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். மயக்க மருந்தின் கீழ் நடந்த சோதனையில் ஒரு விலங்கு மீண்டு எழுந்தால் கடும் வேதனைதான் மிஞ்சும் என்றால், மயக்கம் தெளியும் முன்பே அதன் உயிரை முடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. பி.பார்ம். மாணவர்களின் மருந்தியல் செய்முறைகளைக் கணினியிலும் வீடியோவிலும் காட்டினால் போதும் என்று பாடத்திட்டமே சொல்லிவிட்டது. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. இளநிலை வகுப்புக்கு எலி வேண்டும் என்று யாராவது கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இனி என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்தேன். பதிவேட்டில் தண்ணீர் என்று ஒரு கட்டம் உண்டு. தினமும் காலையில் பணியாளர் பார்த்து ‘நிறைவு’ என்று எழுதுவார். நான் பக்கம் புரட்டி, எல்லா நாளும் ‘நிறைவு’ என்று இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் போனபோது கடைசி வரிசைக் கூண்டில் மூன்று எலிகளில் இரண்டு செத்துக் கிடந்தன. மூன்றாவது எலியின் கண் உள்ளே போயிருந்தது, முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. பாட்டிலைப் பார்த்தேன், கழுத்து வரை தண்ணீர். குழாயின் முனையில் இருக்கும் சிறு இரும்புக் குண்டு, போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து இறுகிப்போயிருந்தது. விரலால் தள்ளினேன், அசையவில்லை. பதிவேட்டில் ஐந்து நாளாக அந்தக் கூண்டுக்கு ‘நிறைவு’.

பணியாளர் மேல் தப்பில்லை. பாட்டில் நிறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம், பார்த்தார், எழுதினார். மூன்று எலிகள் இருக்கும் கூண்டில் காலையிலும் பாட்டில் நிறைந்தே இருந்தால் அது கெட்ட செய்தி என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த இரண்டு எலிகளின் சாவில் என் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்கே கட்டத்தின் தலைப்பை மாற்றினோம்: ‘எவ்வளவு குறைந்தது’. நூறு கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லி என்பது எலிக்கான கணக்கு. இருநூறு கிராம் எலிகள் மூன்று இருந்தால் மறுநாள் காலைக்குள் அறுபது மில்லியாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குழாயைப் பார், குழாய் சரியென்றால் எலியைப் பார். நீங்கள் இல்லாத நாளில் விலங்கைப் பார்க்கிற கண் அந்தப் பணியாளருடையது. அந்தக் கண்ணுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், அது பார்த்துச் சொன்னதும் உடனே காரியம் நடக்க வழி செய்வதும்தான் மேற்பார்வை.

இதே தண்ணீர் கணக்கு இன்னொரு இடத்தில் உயிரை வாங்கும். நம் பக்கத்துப் பார்மசி கல்லூரிகளில் மூலிகைச் சாறுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருக்கிறதா என்ற ஆய்வுதான் அதிகம். அதற்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரை நோயை உண்டாக்குவார்கள். ஊசி போட்ட முதல் நாள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் சிதைந்து இன்சுலின் மொத்தமாக வெளியே கொட்டும், சர்க்கரை படுபாதாளத்துக்குப் போகும். அன்றிரவு குளுக்கோஸ் தண்ணீர் வைக்காவிட்டால் காலையில் சில எலிகள் இருக்காது. பிறகு நோய் பிடித்துவிட்டால் ஓர் எலியே ஒரு நாளில் நூறு மில்லிக்கு மேல் குடிக்கும், அதே வேகத்தில் சிறுநீர் போகும். சனிக்கிழமை மதியம் நிரப்பிவிட்டுத் திங்கள் காலை வந்தால் பாட்டில் காலி, கூண்டில் படுக்கையாகப் போட்ட உமி சேறு. ஆய்வுத் திட்டம் குழுவுக்கு வரும்போதே ஞாயிற்றுக்கிழமை யார் வருவார் என்று கேளுங்கள். பெயர் சொல்லும் வரை ஒப்புதல் கொடுக்காதீர்கள். நச்சுத்தன்மைச் சோதனை வந்தாலும் எந்த முறை என்று கேளுங்கள். பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் பழைய முறையான, ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 401ஆம் வழிகாட்டுதல் நீக்கப்பட்டது 2002இல். குறைந்த விலங்குகளோடு முடியும் 423, 425 முறைகள் இருக்கின்றன.

மாடு நமக்குப் பழகிய உயிர். வலித்தால் தீனி எடுக்காது, அசை போடாது, வீட்டுக்காரரே வந்து சொல்லிவிடுவார். எலியும் முயலும் இரையாகிப் பிழைத்த சாதி. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே போனதும் வலியை மறைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போய் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சுருண்ட முதுகு, சிலிர்த்த ரோமம், பாதி மூடிய கண் எல்லாம் அப்போதுதான் தெரியும். எலியின் கண்ணைச் சுற்றி, மூக்கு நுனியில் சிவப்பாகக் காய்ந்திருந்தால் ஆய்வு மாணவர் ரத்தம் என்று பதறுவார். அது ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் நிறமி. ஆனால் ரத்தம் இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது. தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ள முடியாத அளவுக்கு எலி நோயிலோ நெருக்கடியிலோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சுண்டெலியின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்கும் முறை ஒன்றை 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது: கண் சுருங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னால் போவது, மீசை மாறுவது. எலிக்கும் முயலுக்கும் இப்போது அது போல உண்டு. அந்தப் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். என்றாலும் படம் பார்க்காமலே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பணியாளர் அண்ணன் ஒரு காலை போன் செய்து, “சார், ஏழாம் நம்பர் கூண்டுச் சுண்டெலி ராத்திரி கூடு கட்டல. தாள் போட்டது போட்டபடி கெடக்கு” என்றார். போய்ப் பார்த்தால் முந்தின நாள் போட்ட தையல் உள்ளுக்குள் பிரிந்திருந்தது. வெளியே ஒரு பொட்டு ரத்தமும் இல்லை.

மருந்துக் கணக்கில் நம் மாட்டுப் பழக்கம் ஆபத்து. மாட்டுக்குச் சைலசின் என்ற மயக்க மருந்து கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும். எலிக்கு அதைக் கெட்டமின் என்ற மற்றொரு மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை போகும், நூறு மடங்கு. வலி மருந்தான மெலாக்சிகாம் கிலோவுக்கு மாட்டுக்கு அரை மில்லிகிராம், எலிக்கு ஒன்று. ஆனால் உங்கள் பையில் இருக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கும். இருநூறு கிராம் எலிக்கு வேண்டியது 0.04 மில்லி, சாதாரண சிரிஞ்சில் சரியாக இழுக்க முடியாது. சலைனில் பத்து மடங்கு நீர்த்து, 0.4 மில்லியாகத் தோலடியில் போடுங்கள். எலியும் முயலும் வாந்தி எடுக்காதவை. அறுவைக்கு முன் பட்டினி போடச் சொல்லாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். கெட்டமினில் கண் திறந்தே இருக்கும், களிம்பு தடவாவிட்டால் விழி காய்ந்து புண்ணாகும். மயக்கத்தில் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். நம் ஊர் வெயிலில் என்ன குளிர் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் ஏ.சி. அறையில் இரும்பு மேசையில் கிடத்தினால் பத்து நிமிடம் போதும். கத்தி பட்டுச் செத்ததைவிடக் குளிர்ந்து செத்த எலிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முயலைத் தூக்கும்போது பின்பாகத்தைத் தாங்காமல் தூக்கினால் அது உதைக்கிற உதையில் அதன் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பே முறியும், பின்கால் செயலிழந்துவிடும். ஆய்வு மாணவர்கள் அத்தனை பேருக்கும் இதை முதல் நாளே கையில் பிடித்துக் காட்டுங்கள்.

நம் டெல்டாவுக்கென்று இருக்கும் தொல்லை ஈரம். அறையின் ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 முதல் 29 டிகிரி என்று வழிகாட்டுதல் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே எழுபதுக்குள் நிறுத்துவது பெரும்பாடு. கூண்டில் ஈரம் ஏறினால் சிறுநீரிலிருந்து அமோனியா வேகமாகக் கிளம்பும். எலிகளின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பதுங்கியிருந்தால், காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) அமோனியாவே அதைக் கிளறிவிடப் போதும். நீங்கள் நின்ற உயரத்தில் நாற்றம் தெரியாது. கூண்டு உயரத்துக்குக் குனிந்து மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாரம் இரண்டு தடவை உமி மாற்றுகிற இடத்தில் மழைக்காலத்தில் மூன்றாக்கச் சொல்லுங்கள். உமி நம் பக்கத்தில் அரிசி ஆலையிலிருந்து சல்லிசாக வந்துவிடுகிறது, அதனாலேயே கவனம் வேண்டும். ஆலை முற்றத்தில் குவிந்த உமியில் வயல் எலியின் சிறுநீரும் புழுக்கையும் இருக்கும், உண்ணியும் பூஞ்சையும் இருக்கும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டு எடுக்காத உமி ஒரு பிடிகூடக் கூண்டுக்குள் போகக் கூடாது. சம்பா அறுவடை முடிந்ததும் வயலை விட்டுக் கிளம்பும் எலிகள் தீவன வாசம் பிடித்து விலங்குக்கூடத்தைத் தேடி வரும். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். உள்ளே விஷம் வைக்காதீர்கள். நாங்கள் வெளிச்சுவரை ஒட்டி, வயலில் வைக்கிற அதே மூங்கில் தஞ்சாவூர்க் கிட்டியை வைக்கிறோம். அதில் மாட்டும் எலிகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுகிறோம். எண்ணிக்கை கூடினால் கதவடியையும் சாக்கடை வாயையும் தேடிப் பார்ப்போம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் கூடத்தில் அறுபது எலியும் எட்டு முயலும் இருந்தன. தென்னைகள் விழுந்து சாலை அடைபட்டு, பாதி தூரம் வண்டியிலும் பாதி தூரம் நடந்தும் மறுநாள் மதியம்தான் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ஏ.சி. இல்லையே, காற்று இல்லையே என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்துவிட்டாலே கார்த்திகைக் காற்று போதுமாக இருந்தது. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. அதுதான் உண்மையான சிக்கல். தன் வீட்டுக் கூரை பறந்துபோன அண்ணன், முதல் நாள் காலையே வந்து, அடிபம்பில் அடித்து, விறகு மூட்டி, அண்டாவில் கொதிக்கவைத்து ஆற வைத்திருந்தார். “ஒரு கொடந்தான் சார், எல்லாத்துக்கும் போதும்” என்றார். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் எண்பது எலிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர். பன்னிரண்டு முயலுக்கு இரண்டரை லிட்டர். மொத்தம் ஐந்து லிட்டர்கூட இல்லை. பத்து நாளுக்கு ஐம்பது லிட்டர், இரண்டு கேன். ஐப்பசி பிறந்ததும் அந்தக் கேன்களை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், பதினைந்து நாள் தீவனத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தனித்தனிக் காற்றோட்டக் கூண்டுகள் அங்கே இருந்தால் நிலைமை வேறு. மின்சாரம் போனால் அதற்குள் காற்றே நின்றுவிடும். ஜெனரேட்டர் டீசல் எத்தனை மணி நேரத்துக்கு என்பதை முதல் நாளே கேளுங்கள். சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றால் முதலில் போவது முயல். அதற்கு வியர்க்காது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டில் போட்டால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. அறிந்தவர்களே ஒத்துப்போகாத விஷயங்களும் உண்டு, அவற்றையும் தெரிந்துகொண்டு போங்கள். வலி மருந்து கொடுத்தால் ஆய்வு முடிவு கெட்டுவிடும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். அடங்காத வலியும் தீனியை, நோய் எதிர்ப்பை, சுரப்புகளைக் குலைத்து முடிவைக் கெடுக்கும் என்பது நிச்சயம். ஆனால் பாதத்தில் வீக்கம் உண்டாக்கி அளக்கும் ஆய்வில் மெலாக்சிகாம் கொடுத்தால் அளவே பொய்யாகிவிடும், அவர்கள் சொல்வது அங்கே சரி. ப்யூப்ரினார்பின் போன்ற வேறு வகை வலி மருந்துக்கு மாறலாம் என்றால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, கெட்டமின் கடும் கட்டுப்பாட்டுக்குரிய எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. உரிமமும் பூட்டும் கணக்குப் புத்தகமும் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனித்தனியாகக் குழுவில் பேசித்தான் முடிவுக்கு வர முடியும். கரியமில வாயுவால் உயிரை முடிப்பது எலிக்கு எவ்வளவு வேதனை என்பதிலும் சர்ச்சை ஓயவில்லை. நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 10 முதல் 30 சதவீதம் என்றிருந்த வாயு செலுத்தும் வேகத்தை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2020இல் 30 முதல் 70 என்று மாற்றியது. எந்த வேகமானாலும், மூச்சு நின்றபின் இரண்டாவது முறை ஒன்றால் சாவை உறுதி செய்யாமல் உடலைப் பையில் போடக் கூடாது என்பதில் சர்ச்சை இல்லை. எடை 20 சதவீதம் குறைந்தால் விலங்கை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பொதுவாக எழுதுவார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், 12 சதவீதத்திலேயே சுருண்டு கிடக்கும் எலியை நான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்படி எடுக்கச் சொல்லும் அதிகாரம்தான் உங்கள் நிபந்தனைகளில் முதன்மையானது. வேதனையில் இருக்கும் விலங்குக்குச் சிகிச்சை தரவோ, அதை முடித்துவைக்கவோ ஆய்வாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே ஆய்வாளரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் பின்னால் சண்டை வராது. பணியாளர் உங்களை நேரடியாகக் கூப்பிடலாம், அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதையும் சேருங்கள். அவருக்கு நல்ல முகமூடி, கையுறை, டெட்டனஸ் ஊசி கேளுங்கள். எலியின் சிறுநீர்ப் புரதத்தால் ஆஸ்துமா வந்து வேலையை விட்டவர்கள் உண்டு. காலையில் அவர் தும்முகிறாரா என்று கவனிப்பதும் உங்கள் வேலைதான்.

என் அனுபவம் எலி, சுண்டெலி, முயல், கினிப்பன்றி வரைக்கும்தான். நாய், குரங்கு வைத்து ஆய்வு செய்யும் இடங்களில் நான் வேலை செய்ததில்லை. அப்படி ஏதாவது வந்தால் என் சொல்லை வைத்துப் போகாமல், மாதவரத்தில் நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்கு மருத்துவப் பிரிவில் கேளுங்கள்.

முதல் தடவை போவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலிகள் விழித்து நடமாடத் தொடங்கும் நேரம் அது, கல்லூரியில் ஆள் இல்லாத நேரமும் அதுதான். பதிவேட்டை அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரே கடைசி வரிசைக்குப் போய், ஒரு பாட்டிலைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, குழாயின் முனையை விரலால் தட்டுங்கள். ஒரு சொட்டு விழ வேண்டும்.